மாணவி மனம் திறந்த பிறகு: விரிவுரைஞர் முன் இருக்கும் ஐந்து வழிகள்

டியூட்டோரியல் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு மாணவி மட்டும் பையை மாட்டிக்கொண்டு வாசலருகே நிற்பார். “மிஸ், யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்கன்னா உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்” என்பார். “சொல்லும்மா, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்” என்பதுதான் பலருக்கும் உடனே வாயில் வரும் பதில். பாசத்தில் வரும் பதில்தான். ஆனால் பின்னால் வரும் சிக்கலில் பாதி இந்தப் பதிலிலேயே பிறந்துவிடுகிறது.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கற்பிக்கிறவர்கள், மாணவி பாலியல் தொல்லையையோ வன்முறையையோ பற்றிச் சொல்ல வரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மேலிடத்தில் சொன்னால் மாணவி நம்பிக்கை இழந்துவிடுவார். சொல்லாவிட்டால் நாளை நம்மீதே குற்றம் வருமோ என்ற பயம். சொல்வதென்றாலும் யாரிடம்? துறைத் தலைவரிடமா, மாணவர் விவகாரப் பிரிவான ஹெப்பிலா, போலீஸிலா?

இணையத்தில் தேடினால் முன்னால் வந்து நிற்பது, கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்காவின் டைட்டில் நைன் சட்டம். 1972இல் வந்த அந்தச் சட்டத்தைப் பின்பற்றி அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள், விரிவுரைஞர் காதில் விழுந்ததை உரிய அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. அதன் நடைமுறை விதிகள் 2020இலும் 2024இலும் மாறின. 2024 விதிகளை 2025 ஜனவரியில் அங்குள்ள கூட்டரசு நீதிமன்றம் ஒன்று தள்ளுபடி செய்தது. இதில் எதுவும் கோலாலம்பூரின் பங்சாரிலோ பினாங்கின் குளுகோரிலோ இருக்கும் விரிவுரைஞரைக் கட்டுப்படுத்தாது. நம் மலேசியாவில் கடமை ஒரே சட்டத்தில் எழுதி வைக்கப்படவில்லை. சிறார் சட்டம், தண்டனைச் சட்டம், 2022இன் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம், வேலை பார்க்கும் நிறுவனத்தின் ஒழுங்கு விதி என்று அது சிதறிக் கிடக்கிறது. அதனால்தான் வழியைத் தேர்வதற்கு முன் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எதை வைத்து எடைபோடுவது

*வயது.* மற்ற எல்லாக் கேள்விக்கும் முந்தியது இது. 2017 ஜூலை 10 முதல் நடப்பில் இருக்கும் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தில் (சட்டம் 792) சிறார் என்றால் 18 வயது நிறையாதவர். அதன் 19ஆம் பிரிவு ஆசிரியர், மருத்துவர் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் பொதுவானது. இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும், நடக்கப்போவது தெரிந்தும், அருகிலுள்ள போலீஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குத் தகவல் தராதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். சட்டம் சொல்லும் இடம் போலீஸ் நிலையம். டீனிடம் சொன்னேன், ஹெப்புக்கு மின்னஞ்சல் போட்டேன் என்பதால் இந்தக் கடமை தீர்ந்துவிடாது.

“நம் மாணவர்கள் எல்லாம் பெரியவர்கள்தானே” என்று நினைத்தால் தவறிவிடும். 17 வயதில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதிவிட்டு அடிப்படைக் கல்வி, ஏ லெவல், டிப்ளோமா என்று சேர்ந்தவர்களில் பலர் முதல் செமஸ்டரில் இன்னும் 18ஐத் தொட்டிருக்க மாட்டார்கள். அடையாளக் கார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி: 081120 என்று தொடங்கினால் 2008 நவம்பர் 20. அந்த மாணவிக்கு 18 நிறைவது 2026 நவம்பர் 20 அன்று. பெயர்ப் பட்டியலில் அந்த எண் இருந்தால் மாணவியிடம் கேட்கக்கூடத் தேவையில்லை. அதோடு சம்பவம் நடந்த தேதியில் அவருக்கு வயது என்ன என்பதையும் கணக்குப் போடுங்கள். இன்று 19 வயதாகும் மாணவி 15 வயதில் நடந்ததைச் சொன்னால், பல்கலைக்கழகச் சட்டப் பிரிவையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அன்றைக்கே கேளுங்கள்.

*மணி.* சம்பவம் நடந்து எத்தனை மணி நேரமாகிறது? உடலுறவு நடந்திருந்தால் 72 மணி நேரம் என்பதை மனத்தில் வையுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை அதற்குள் தொடங்கியாக வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன் தரும்.

*யார் செய்தது, அவர் கையில் என்ன இருக்கிறது.* சக மாணவனா, மேற்பார்வையாளரா, விடுதி வார்டனா, பயிற்சிக்குப் போன நிறுவனத்தின் மேலாளரா? மதிப்பெண் போடுகிறவர் என்றால் மாணவி “சரி” என்று சொல்லியிருந்தால்கூட அது முடிந்துபோன பேச்சு ஆகாது. தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவு, அதிகாரப் பதவியையோ தொழில்முறை உறவையோ நம்பிக்கை உறவையோ பயன்படுத்திப் பெற்ற சம்மதத்தையும் வல்லுறவின் வகைகளில் ஒன்றாகவே எண்ணுகிறது. விரிவுரைஞர்களில் பலருக்கே இது தெரியாது. தெரிந்திருந்தால், “ரெண்டு பேரும் விரும்பித்தானே” என்ற பேச்சு பொது அறையில் அவ்வளவு எளிதாக எழாது.

*இன்னும் யாருக்கு ஆபத்து.* அதே ஆள் அடுத்த வாரம் வேறு மாணவிகளைக் கள ஆய்வுக்கு அழைத்துப் போகிறார் என்றால், விஷயம் இந்த ஒரு மாணவியோடு நிற்காது.

*வேலையிடத்தின் விதி.* பல்கலைக்கழக இணையத்தளத்தில் ‘காங்குவான் செக்சுவல்’ (பாலியல் தொல்லை) என்று மலாயில் தேடுங்கள். ஊழியர் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று உங்கள் நிறுவனக் கொள்கை சொல்கிறதா? சொன்னால் மீறுவது ஒழுங்கு நடவடிக்கையில் முடியலாம். அரசுப் பல்கலைக்கழக ஊழியருக்கு அது அரசு சார்ந்த அமைப்புகளின் ஒழுங்கு பற்றிய 2000ஆம் ஆண்டின் சட்டம் 605 வழியாக வரும். தனியார் கல்லூரியில் வேலை ஒப்பந்தம் வழியாக. இதை இன்றைக்கே, எந்த மாணவியும் வந்து நிற்காத நேரத்தில், படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

*மாணவி என்ன விரும்புகிறார்.* 18ஐத் தாண்டியவர் என்றால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே எடை அதிகம் என்பது எங்கள் கருத்து. தன் உடல்மீது தனக்கிருந்த உரிமையை ஒருவன் பறித்திருக்கிறான். உதவுகிறேன் என்று வருகிறவர் அடுத்த முடிவையும் அவரிடமிருந்து பறித்துவிடக் கூடாது.

முதல் வாக்கியத்துக்கு என்ன பதில்

வாக்குக் கொடுக்காதீர்கள்; கதவையும் சாத்திவிடாதீர்கள். இப்படிச் சொல்லலாம்: “நீ சொல்றத நான் ஊர் முழுக்கப் பரப்ப மாட்டேன்மா. ஆனா உனக்கு 18 ஆகலைன்னாலோ, யாரோட உயிருக்காவது ஆபத்துன்னாலோ, நான் சிலர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். அப்படிச் சொல்றதா இருந்தா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன். இப்பச் சொல்றியா, யோசிச்சிட்டு வர்றியா?” நிறுவன விதி தெரிவிக்கச் சொல்கிறது என்றால் அதையும் இங்கேயே சேர்த்துவிடுங்கள். எல்லை இன்னது என்று தெரிந்த பிறகு எதைச் சொல்வது, எதைத் தன்னோடு வைத்துக்கொள்வது என்பதை மாணவி தானே முடிவு செய்துகொள்வார்.

சட்டமும் இந்தப் பக்கம்தான். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு, விரிவுரைஞரும் மாணவியும் பேசிக்கொள்வதற்குக் கிடையாது. நீதிமன்றம் அழைத்தால் நீங்கள் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். காப்பாற்ற முடியாத வாக்கை ஏன் கொடுக்க வேண்டும்?

வழி 1: கேட்டு, துணை நின்று, சரியான இடத்துக்கு அனுப்புவது

18ஐத் தாண்டிய மாணவி, உடனடி ஆபத்து இல்லை, புகார் செய்யும் மனநிலையில் அவர் இல்லை என்றால் இதுதான் தொடக்கம். சும்மா இருப்பதற்கு இது இன்னொரு பெயர் அல்ல. கேட்டு முடித்ததும் கையில் கொடுக்க நான்கைந்து பெயர் வேண்டும்.

கோலாலம்பூர் வட்டாரத்தில் 1982 முதல் இயங்கும் பெண்கள் உதவி அமைப்பும், பாலியல் தொல்லை விஷயத்தில் ஆலோசனையும் சட்டத் தகவலும் தரும் ‘ஆவாம்’ அமைப்பும் இருக்கின்றன. பினாங்கில் 1985இல் தொடங்கிய பெண்கள் மாற்ற மையம் ஆலோசனை தருவதோடு போலீஸ் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் வரை கூடவே வரும். அரசின் உதவித் தொலைபேசி எண்ணான தாலியான் காசே 15999 எந்த நேரமும் எடுக்கப்படும். வளாக ஆலோசனைப் பிரிவுக்கு அனுப்பினால், உட்காரப்போகிறவர் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின்படி பதிவுபெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சக மாணவர் தன்னார்வலர் அன்பானவராக இருக்கலாம். இந்தச் சுமையை அவர் தோளில் ஏற்றக் கூடாது.

எண்ணை மட்டும் கொடுத்து அனுப்பினால் பலர் அழைக்கவே மாட்டார்கள். “இங்கயே உட்கார்ந்து கூப்பிடு, நான் வெளியே நிக்கிறேன்” என்று உங்கள் அறையையே கொடுங்கள்.

மறைந்திருக்கும் விலை: குற்றம் செய்தவர் அதே இடத்தில், அதே அதிகாரத்தோடு இருப்பார். மாதங்கள் போகப்போக வாட்ஸ்அப் செய்தியும் சிசிடிவி பதிவும் அழியும். இன்னொன்று, மாணவி உங்களையே ஆலோசகராக்கிக்கொள்வார். இரவு இரண்டு மணிக்குச் செய்தி வரும். அந்த வேலைக்கு நீங்கள் பயிற்சி பெற்றவரல்ல. அதனால்தான் பெயர்களைக் கையில் வைத்திருக்கச் சொல்கிறோம்.

வழி 2: பெயர் சொல்லாமல் மேலிடத்துக்குத் தெரிவிப்பது

“இந்தத் துறையின் கள ஆய்வுகளில் ஒரு பிரச்சினை காதுக்கு வந்திருக்கிறது. இனி ஒரே மேற்பார்வையாளர் மாணவிகளைத் தனியாக அழைத்துப் போகக் கூடாது” என்று துறைத் தலைவருக்கோ நேர்மைப் பிரிவுக்கோ சொல்வது. மாணவி புகார் தர விரும்பவில்லை, ஆனால் மற்றவர்களுக்கு ஆபத்து என்ற நிலையில் இது கைகொடுக்கும். விசாரணை நடக்காது, ஏற்பாடு மாறலாம்.

சிறிய துறையில் பெயர் சொல்லாமல் இருப்பது பெயரளவுக்குத்தான். இறுதியாண்டு ஆய்வுக் குழுவில் மூன்று பேர், அதில் தமிழ்ப் பெண் ஒருவர் என்றால், தேதியையும் ஆய்வகத்தையும் சொன்னதுமே யார் என்று தெரிந்துவிடும். தேதி, இடம், இனம், செமஸ்டர் நான்கையும் எடுத்துவிட்ட பிறகும் சொல்ல ஏதாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சாவிட்டால் இந்த வழி உங்களுக்கு இல்லை. மிஞ்சினாலும், சொல்லப்போகும் வாக்கியத்தை முதலில் மாணவியிடம் படித்துக் காட்டுங்கள்.

வழி 3: பல்கலைக்கழகத்துக்குள் முறையான புகார்

குற்றஞ்சாட்டப்பட்டவர் ஊழியர் என்றால் புகார் நேர்மைப் பிரிவுக்கோ மனிதவளப் பிரிவுக்கோ போகும். மாணவர் என்றால் ஹெப்புக்கும் மாணவர் ஒழுங்குக் குழுவுக்கும். இந்த இரண்டு வாசலையும் மாற்றிப் போட்டால் கடிதம் சில வாரம் மேசை மேசையாகச் சுற்றும்.

மாணவிக்கு நாளைக் காலையிலேயே தேவைப்படுவதை நிறுவனத்தால்தான் தர முடியும் என்பது இந்த வழியின் பலம். மேற்பார்வையாளரை மாற்றுவது, விடுதி அறையை மாற்றுவது, தேர்வுத்தாளை வேறொருவர் திருத்துவது, குற்றஞ்சாட்டப்பட்டவர் தொடர்புகொள்ளக் கூடாது என்ற உத்தரவு ஆகிய எதையும் போலீஸ் செய்து தராது. இவற்றை இடைக்கால ஏற்பாடாகப் புகார்க் கடிதத்திலேயே எண்ணிட்டுக் கேளுங்கள். விசாரணை முடியும்வரை பொறுத்திருந்தால் செமஸ்டர் போய்விடும்.

கடிதத்தைக் கொடுத்த நாளிலேயே மூன்று விஷயம் கையில் வர வேண்டும்: பெற்றுக்கொண்டதற்கான எழுத்துச் சான்று, கோப்பு எண், பொறுப்பு அதிகாரியின் பெயர். “பார்க்கிறோம்” என்ற வாய்மொழி போதாது. ஆறு மாதம் கழித்து அப்படியொரு புகாரே வரவில்லை என்று ஆகிவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது. விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் இதை மீறினால் அபராதம் 50,000 ரிங்கிட் வரை. ஆனால் அந்தச் சட்டம் பேசுவது ஊழியரையும் முதலாளியையும்தான். மாணவி ஊழியர் அல்ல. ஆய்வு உதவியாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் முதுநிலை மாணவி என்றால் அந்த வாசலும் திறக்கலாம், கேட்டுப் பாருங்கள். மற்றவர்களுக்கு நிறுவனத்தின் சொந்தக் கொள்கைதான் கதி. அதில் காலக்கெடு எழுதப்படவில்லை என்றால் யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

மறைந்திருக்கும் விலை பல. விசாரணைக் குழுவில் அந்தத் துறையின் நண்பர்களே உட்காரக்கூடும்; அப்படியிருந்தால் ஆட்சேபத்தை முதல் அமர்வுக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். மேற்பார்வையாளர் மாறினால் இரண்டு வருட ஆய்வுத் தரவு யாருடையது என்ற சண்டை வரும். தாங்க முடியாமல் மாணவி செமஸ்டரைத் தள்ளிப்போட்டால் அரசின் பிடிபிடிஎன் கல்விக் கடன், உபகாரச் சம்பளம் இரண்டிலும் அது எதிரொலிக்கும். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த மாணவிக்கு வருகைப் பதிவு குறைந்தால் மாணவர் விசாவுக்கே ஆபத்து. இந்தக் கணக்கையெல்லாம் புகாருக்கு முன்பே மாணவியோடு உட்கார்ந்து போடுங்கள். அவரைப் பயமுறுத்த அல்ல, ஒவ்வொன்றுக்கும் எந்த அலுவலகத்தில் கடிதம் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான்.

வழி 4: மருத்துவமனையும் போலீஸும்

சிறார் என்றால் இது தேர்வே அல்ல, கடமை. பெரியவர் என்றால் மாணவியின் முடிவு. அதிலும் மருத்துவமனையையும் போலீஸையும் தனித்தனியாக யோசியுங்கள்.

அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் ஓ.எஸ்.சி.சி. எனப்படும் ஒரே இட நெருக்கடி மையம் இருக்கிறது. 1990களின் நடுவில் கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் தொடங்கி நாடு முழுவதும் பரவிய ஏற்பாடு இது. பினாங்குப் பெரிய மருத்துவமனையிலும் உண்டு. சிகிச்சைக்கும் தடுப்பு மருந்துக்கும் போலீஸ் புகார் முன்நிபந்தனை அல்ல. கவுன்டரில் “ஓ.எஸ்.சி.சி.” என்ற ஒரு சொல் போதும், வரிசையில் நின்று எல்லோர் முன்னாலும் விவரம் சொல்லத் தேவையில்லை. போகும்முன் குளிக்க வேண்டாம், பல் துலக்க வேண்டாம், உடுப்பை மாற்ற வேண்டாம். ஏற்கெனவே மாற்றியிருந்தால் பழைய உடுப்பைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்லட்டும். பிளாஸ்டிக் பை வேண்டாம்: உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் தடயம் கெட்டுப்போகும்.

போலீஸ் புகாரை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். பாலியல் குற்றங்களையும் பெண்கள், சிறார் வழக்குகளையும் விசாரிப்பது டி11 பிரிவு. தனியறையும் பெண் அதிகாரியும் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். புகார் மலாயில் தட்டச்சாகும். தமிழில் சொன்னது மலாயில் எப்படி மாறியிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன் வரிவரியாகப் படிக்க வேண்டும். “கையைப் பிடித்து இழுத்தார்” என்பது “தொட்டார்” என்று ஆகியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். பிறகு திருத்தினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை முரண்பாடு என்பார். நகலை வாங்காமல் வெளியே வர வேண்டாம்.

தண்டனைச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று போலீஸும் அரசுத் தரப்பும் முடிவு செய்யும். மானபங்க நோக்கத்தோடு கைவைப்பது 354 (10 ஆண்டு வரை சிறை), ஆபாசச் சொல்லும் சைகையும் 509 (5 ஆண்டு வரை), பின்தொடர்ந்து தொல்லை தருவது 2023 மே மாதம் நடப்புக்கு வந்த 507ஏ (3 ஆண்டு வரை). வல்லுறவுக்கான 375, 376 பெண்ணைப் பாதிக்கப்பட்டவராக வைத்தே எழுதப்பட்டவை; மாணவன் பாதிக்கப்பட்டிருந்தால் 377சி போன்ற பிரிவுகள் வரும். பையன்கள் இதைச் சொல்லவே கூச்சப்படுவார்கள். சொன்னால் சிரிக்காமல், வியக்காமல் கேளுங்கள்.

மறைந்திருக்கும் விலை: புகார் பதிவான பிறகு வண்டியை ஓட்டுவது மாணவி அல்ல. மனம் மாறி வேண்டாம் என்றாலும் வழக்கைத் தொடர்வதா என்பதை அரசுத் தரப்பே முடிவு செய்யும். கைப்பேசியை வாங்கிக்கொள்வார்கள், மாணவிக்கு வேறு போனும் எண்ணும் ஏற்பாடு செய்யுங்கள். அவர் முதலில் சொன்னது உங்களிடம் என்பதால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு வாக்குமூலத்துக்கு உங்களையும் அழைப்பார்கள்.

சிறார் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பெற்றோரை அழைக்கும் முன், செய்தவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். செய்தவர் வீட்டு ஆள் என்றால் உங்கள் தொலைபேசி அழைப்பே அவருக்கு எச்சரிக்கை மணியாகிவிடும்.

வழி 5: பாலியல் தொல்லை எதிர்ப்புத் தீர்ப்பாயம்

2022ஆம் ஆண்டின் சட்டம் 840இன் கீழ் அமைந்த இந்தத் தீர்ப்பாயம் 2024 மார்ச் 8 முதல் செயல்படுகிறது. மாணவர், ஊழியர், வாடிக்கையாளர், வழிப்போக்கர், ஆண், பெண் எல்லோரும் வரலாம். சொல், பார்வை, சைகை, படம், தொடுதல் என எந்த வடிவிலான வேண்டாத பாலியல் நடத்தையும் அடங்கும். விசாரணை பொதுமக்கள் இல்லாத மூடிய அறையில். பொதுவாக வழக்கறிஞர் கிடையாது. முதல் அமர்விலிருந்து 60 நாளுக்குள் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பது சட்டம். மன்னிப்புக் கேட்க வைக்கலாம், 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு விதிக்கலாம், பயிற்சிக்கு அனுப்பலாம். தீர்ப்பை மதிக்காதவருக்கு அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. 2016இல் ஃபெடரல் நீதிமன்றம் பாலியல் தொல்லையைத் தனிச் சிவில் தவறாக ஏற்றதிலிருந்து சிவில் வழக்கும் போடலாம். ஆனால் அதற்குப் பணமும் வருடங்களும் ஆகும். ஒரே விஷயத்தை இரண்டு இடத்திலும் நடத்த முடியாது என்பதால் தீர்ப்பாயமா, சிவில் நீதிமன்றமா என்று முதலிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியவை: புகார் கொடுக்க வேண்டியது பாதிக்கப்பட்டவர். அவருக்குப் பதிலாக நீங்கள் போக முடியாது; உடனிருந்து தேதிவாரியாகச் சம்பவப் பட்டியல் தயாரிக்க உதவலாம். யாரையும் சிறைக்கு அனுப்பவோ மேற்பார்வையாளரை மாற்றவோ தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை. புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதைத் தடுக்கும் பிரிவு சட்டத்தில் இல்லை என்பது பெண்கள் அமைப்புகள் மசோதா காலத்திலேயே எழுப்பிய குறை. ஆகவே இந்த வழியில் போகிறவர் வழி 3இன் இடைக்கால ஏற்பாடுகளையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

ஒரே பார்வையில்

| வழி | முடிவு யார் கையில் | கிடைப்பது | கிடைக்காதது | பொருந்தும் நிலை |
|---|---|---|---|---|
| துணை நிற்றல் | மாணவி | ஆறுதல், தகவல், நேரம் | விசாரணை | 18ஐத் தாண்டியவர், இன்னும் முடிவெடுக்காதவர் |
| பெயரின்றித் தெரிவித்தல் | விரிவுரைஞர், மாணவி ஒப்புதலோடு | ஏற்பாடு மாற்றம் | தண்டனை | மற்றவர்க்கு ஆபத்து, பெரிய துறை |
| உள்புகார் | நிறுவனம் | மேற்பார்வையாளர், விடுதி மாற்றம். ஒழுங்கு நடவடிக்கை | சிறைத் தண்டனை, இழப்பீடு | தினமும் முகத்தைப் பார்க்க வேண்டிய நிலை |
| போலீஸ் | அரசுத் தரப்பு | கைது, வழக்கு, தடயச் சோதனை | மதிப்பெண், வகுப்பு ஏற்பாடு | சிறார், வல்லுறவு, மிரட்டல் |
| தீர்ப்பாயம் | மாணவி தொடங்குவார், தீர்ப்பாயம் முடிக்கும் | மன்னிப்பு, இழப்பீடு | சிறைத் தண்டனை, பழிவாங்கலுக்குத் தடை | ஆபாசச் செய்தி, பேச்சு, தொடர் தொல்லை |

இவை ஒன்றுக்கொன்று பகையல்ல. வல்லுறவு என்றால் முதல் நாள் மருத்துவமனை, மனம் தேறிய பிறகு போலீஸ், அதே வாரம் விடுதி மாற்றத்துக்கு உள்புகார் என்று வரிசைப்படுத்தலாம். மேற்பார்வையாளரின் இரவுநேரச் செய்திகள் என்றால் உள்புகாரும் தீர்ப்பாயமும். மாணவி “எனக்கு ஒன்னும் வேணாம், அவர் மொகத்தப் பார்க்காம டிகிரி முடிச்சாப் போதும்” என்றால், அதற்கான கடிதத்தை எழுதித் தருவதே அந்த நேரத்தில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஆறாவதாகச் சிலர் நினைப்பது, பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் எழுதுவது. கோபம் நியாயமானதுதான். ஆனால் அவதூறு வழக்கில் பிரதிவாதியாக நிற்கப்போவது மாணவி. முறையான இடத்தில் நல்லெண்ணத்தோடு தரும் புகாருக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு பொதுவெளிப் பதிவுக்குக் கிடைப்பது அரிது.

எந்த வழியானாலும்: குறிப்பும் சான்றும்

மாணவி போனதும் பத்து நிமிடத்துக்குள் எழுதுங்கள்: தேதி, மணி, இடம், அவர் சொன்ன சொற்கள் அப்படியே, தமிழில் சொன்னால் தமிழிலேயே. “ரொம்பப் பயந்திருந்தாள்” என்று உங்கள் முடிவை எழுதாதீர்கள். “கை நடுங்கியது, இரண்டு முறை பேச்சை நிறுத்தினார்” என்று கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். நடந்த சூட்டிலேயே ஒருவரிடம் சொன்னது, பிறகு நீதிமன்றத்தில் சொல்வதற்கு வலு சேர்க்கும் என்பது 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 157ஆம் பிரிவு. அந்த வலு உங்கள் காகிதத்தில் இருக்கிறது. கையெழுத்திட்டு உறையில் ஒட்டிப் பூட்டி வையுங்கள். துறை முழுவதும் திறக்கும் கூகுள் டிரைவ் கோப்புறையில் போடாதீர்கள். “ஏன் அங்கே போனாய்?”, “ஏன் கத்தவில்லை?” என்ற இரண்டு கேள்வியும் வேண்டாம். விவரம் துருவுவது விசாரணை அதிகாரியின் வேலை. நீங்கள் துருவினால் மாணவி கதையை மூன்று இடத்தில் மூன்று விதமாகச் சொல்ல நேரும்.

வாட்ஸ்அப் என்றால், தானாக மறையும் செய்தி வசதியை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். படம்பிடிக்கும்போது சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து வைக்கட்டும். ஒரே முறை திறக்கும் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. இன்னொரு கைப்பேசியால்தான் பிடிக்க முடியும். அசல் கைப்பேசியைத் துடைத்து விற்றுவிடக் கூடாது.

“எனக்கு அனுப்பி வை” என்று மட்டும் சொல்லாதீர்கள். மாணவி 18க்குக் கீழ் என்றால் அந்த ஆபாசப் படம் உங்கள் கைப்பேசியில் இருப்பதே சட்டம் 792இன் 10ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். நல்லெண்ணத்தில் வாங்கி வைத்தேன் என்று விளக்கிக்கொண்டிருக்கும் நிலைக்குப் போக வேண்டாம். படம் மாணவியின் கைப்பேசியிலேயே இருக்கட்டும், போலீஸ் நேரடியாக எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்த சில வாரங்கள்

குற்றஞ்சாட்டப்பட்டவர் உங்கள் சக ஊழியர் என்றால் கேன்டீனில் தே தாரேக் கிளாஸோடு எதிரில் வந்து உட்கார்ந்து, “அவ என்னதான் சொன்னா?” என்று கேட்பார். “அதைப் பற்றி நான் பேச முடியாது, பொறுப்பு அதிகாரியிடம் கேளுங்கள்” என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். அந்த உரையாடலையும் தேதியிட்டு எழுதி வையுங்கள்.

மாணவியைத் தினமும் “எப்படி இருக்க?” என்று கேட்டுத் துளைக்காமல், வாரம் ஒருமுறை ஒரு வரி அனுப்பினால் போதும். வகுப்பில் மற்றவர்கள் கவனிக்கும்படி தனிச் சலுகை காட்டாதீர்கள். கெடு நீட்டிப்பு தேவையென்றால் காரணம் குறிக்காமல் துறை அலுவலகம் வழியாகக் கொடுங்கள். தேர்வு வாரத்துக்கு முன் இடைக்கால ஏற்பாடுகளில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒருமுறை சரிபாருங்கள். அவருடைய இறுதியாண்டு ஆய்வேட்டை வேறொருவர் திருத்த வேண்டும் என்ற கோரிக்கை மதிப்பெண் வெளியாகும் முன்பே எழுத்தில் போயிருக்க வேண்டும். வெளியான பிறகு கொடுத்தால் அது சாதாரண மதிப்பெண் மேல்முறையீடாகத்தான் பதிவாகும். பல இடங்களில் அந்தத் தாள் மறுபடி அதே மேற்பார்வையாளரின் மேசைக்கே போய்ச் சேரும்.